மாநகரில் மழலைகளுக்குப் பொறுப்பு யார்?

புது தில்லி: கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் எதைச் செய்தன, எதைச் செய்யத் தவறின என்ற விவாதம் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பெரும்பாலும் பிராணவாயு, மருத்துவமனைப் படுக்கை, தடுப்பூசி ஆகிய மூன்றையே சுற்றி வந்தது. புலம்பெயர் தொழிலாளர்களின் துயரமும் பள்ளி மாணவர்களின் படிப்பு இழப்பும் அடுத்த நிலையில் பேசப்பட்டன. ஆனால், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும், அவர்களைப் பெற்ற நகர்ப்புற ஏழைக் குடும்பங்களும் அந்த விவாதத்தில் ஓர் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை என்பதே உண்மை.

இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. நகரத்தில் வாழும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவு, பராமரிப்பு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றுக்கு ஒட்டுமொத்தமாக இன்னார்தான் பொறுப்பு என்று நமது சட்டமோ, நிர்வாக அமைப்போ சுட்டிக்காட்டவில்லை. சாதாரண நாள்களில் மறைந்து கிடந்த இந்தக் குறை, பெருந்தொற்று வந்தபோது வெளிப்பட்டது. தொற்று ஓய்ந்த பின்னரும் அக்குறை களையப்படவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

மூடப்பட்ட மையங்கள்

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம், இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்துள்ளது. துணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் சுகாதார அறிவுரை, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை என ஆறு சேவைகள் இந்த ஒரே கூரையின்கீழ் வழங்கப்படுகின்றன. ஏழைத் தாய்க்கு அரசு என்பது பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரின் உருவில்தான் வருகிறது.

2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய பொது முடக்கம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பல மாநிலங்களில் இந்த மையங்கள் மூடப்பட்டுவிட்டன. மதிய உணவும் அங்கன்வாடி உணவும் நின்றுபோகும் அபாயத்தை உணர்ந்த உச்ச நீதிமன்றம், மார்ச் 18-ஆம் தேதியே தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்து, மாநிலங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சத்துணவு தடைபட்டால் வளரும் குழந்தைகள் நோய்க்கு எளிதில் ஆளாவர் என்பதே அதற்கு அடிப்படையான கவலை.

அதன்பின் சமைத்த உணவுக்குப் பதிலாக, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உலர் உணவுப் பொருள்களை வழங்குவது என்று முடிவாயிற்று. பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை அங்கன்வாடிப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று உணவுப் பொருள்களை வழங்கி வருகின்றனர் என்று 2020 செப்டம்பரில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தது. கட்டுப்பாட்டு மண்டலங்களுக்கு வெளியே மையங்களைத் திறக்க அந்த ஆண்டு நவம்பரில் அனுமதி தரப்பட்டது. ஆயினும் பல மாநிலங்கள் தயங்கின. இறுதியில் 2021 ஜனவரி 13-ஆம் தேதி நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு, கட்டுப்பாட்டு மண்டலங்கள் நீங்கலாக மற்ற இடங்களில் ஜனவரி 31-க்குள் அங்கன்வாடிகளைத் திறப்பது குறித்து முடிவெடுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. திரையரங்குகளும் உணவகங்களும் திறக்கப்பட்டுப் பல வாரங்கள் ஆன பின்னர்தான் குழந்தைகளின் மையத்துக்கு நீதிமன்றத்தின் வாயிலாக வழி பிறந்தது.

அவையில் எழாத கேள்வி

அந்த ஆண்டில் நாடாளுமன்றம் கூடிய நாள்களே குறைவு. பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச் 23-ஆம் தேதி முன்கூட்டியே முடிக்கப்பட்டது. செப்டம்பர் 14-இல் தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடர் பத்து நாள்களில் முடிந்தது. அதிலும் கேள்வி நேரம் கிடையாது. குளிர்காலக் கூட்டத்தொடர் நடைபெறவேயில்லை.

உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்பதும், அமைச்சர் அங்கேயே விளக்கம் தருவதும்தான் கேள்வி நேரத்தின் பயன். அது இல்லாதபோது, எழுத்துப்பூர்வமான பதில்கள் மேசையில் வைக்கப்பட்டதோடு முடிந்துபோயின. பொது முடக்கத்தின்போது ஊர் திரும்பிய தொழிலாளர்கள் ஒரு கோடிக்கும் அதிகம் என்று ஒரு பதில் கூறியது. வழியில் எத்தனை பேர் உயிரிழந்தனர் என்ற விவரம் பராமரிக்கப்படவில்லை என்றார் அன்றைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார். சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது 97 பேர் உயிரிழந்ததாக ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் மாநிலங்களவையில் தெரிவித்தார்.

இந்தத் தொழிலாளர்கள் தனியாகச் செல்லவில்லை. கைக்குழந்தையோடும் கர்ப்பிணி மனைவியோடும் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற நகரத்தின் அங்கன்வாடியில் பெயர் இருக்கும். உணவு வாங்க ஆள் இருக்காது. போய்ச் சேர்ந்த ஊரில் ஆள் இருக்கும். பதிவேட்டில் பெயர் இருக்காது. "வீடுதேடி" வழங்கும் திட்டம், வீட்டையே விட்டுக் கிளம்பியவர்களை எவ்வாறு சென்றடைந்தது என்ற துணைக் கேள்வியை எழுப்ப அந்தக் கூட்டத்தொடரில் வாய்ப்பே இருக்கவில்லை. இடம்பெயரும் குடும்பங்களின் பதிவை வேறோர் ஊரின் மையத்துக்கு மாற்றும் வசதி, 2021 மார்ச்சில் அறிமுகமான போஷண் டிராக்கர் செயலியின் வாயிலாகப் பின்னர்தான் ஏற்பட்டது.

ஊரகத்துக்காக வகுத்த திட்டம்

அங்கன்வாடித் திட்டம் அடிப்படையில் ஊரகத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. மையங்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் ஊரகங்களிலேயே உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நகரங்களில் வசித்தனர். மையங்களின் எண்ணிக்கை அந்த விகிதத்தை எட்டவில்லை.

இதற்கான பரிகாரத்தை உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே கூறியது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள எந்தக் குடியிருப்பும், குடிசைப் பகுதியும்கூட, கேட்ட மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி பெறும் உரிமை உடையது என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் நகரத்தில் இடம் கிடைப்பது அரிது. ஒரு பெருநகரக் குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஓடியாடும் அளவுக்கு ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்க, அன்றைய நாள்களில் மத்திய அரசின் விதிகள் அனுமதித்த தொகை மாதம் 6,000 ரூபாய் அளவிலேயே இருந்தது. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றோட்டமில்லாத ஒற்றை அறைதான். தொற்றுக் காலத்தில் இடைவெளி விட்டு அமர வைக்க வேண்டும் என்ற விதிமுறை வந்தபோது, மையத்தைத் திறக்காமல் இருப்பதற்கு அந்த அறையே காரணமாகிவிட்டது.

நகரக் குழந்தைகளின் நிலை மேலானது, எனவே தனிக் கவனம் தேவையில்லை என்ற வாதம் தில்லியின் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறது. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதற்கு வேறு பதில் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட நகர்ப்புறக் குழந்தைகளில் நூற்றுக்கு 30 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஊரகத்தில் இது 37. ரத்தசோகை உள்ள குழந்தைகள் நகரங்களில் நூற்றுக்கு 64 பேர். வசதி படைத்த குடும்பங்களையும் சேர்த்தெடுத்த சராசரியே இப்படியென்றால், குடிசைப் பகுதிகளின் நிலையைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பட்டியலில் பெயரில்லாதவர்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு செய்தவற்றுள் மிகப் பெரியது, 2020 ஏப்ரல் முதல் நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாக வழங்கிய திட்டமாகும். ஏறத்தாழ 80 கோடிப் பேர் பயன்பெற்ற இத்திட்டம் பெரும் பட்டினியைத் தடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், இதன் எல்லையையும் கவனிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 சதவீதத்தினரையும், நகர்ப்புற மக்களில் 50 சதவீதத்தினரையும் வரம்பாகக் கொண்டது. எத்தனை பேருக்கு அட்டை என்ற உச்சவரம்பு 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது. 2020-இல் ஆறு வயதுக்குட்பட்டிருந்த குழந்தைகள் அத்தனை பேரும் அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் பிறந்தவர்கள். மாநிலத்தின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், பிறந்த குழந்தையின் பெயரை அட்டையில் சேர்க்க வேறொருவர் பெயர் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அது 2027-ஐக் குறிப்பாண்டாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025 ஜூனில்தான் அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

அட்டை இல்லாதவர்களுக்குத் தில்லி அரசு 2020 ஏப்ரலில் மின்னணு டோக்கன் மூலம் 5 கிலோ தானியம் வழங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால், ஆதார் எண்ணும் இணைய வசதியுள்ள செல்பேசியும் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற நிலையில், யாருக்கு உதவி மிகத் தேவையோ அவர்களே வெளியே நின்றனர். பள்ளிக்கூடங்களில் மதியமும் இரவும் சமைத்த உணவு வழங்கப்பட்டது. ஒரு கட்டத்தில் நாள்தோறும் பத்து லட்சம் பேருக்கு உணவளிப்பதாக அரசு தெரிவித்தது. உழைக்கும் ஆண் வரிசையில் நின்று உண்டு திரும்பலாம். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்கு நாளைக்குப் பல வேளை சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். பாலூட்டும் தாய் கைக்குழந்தையோடு நாளுக்கு இரு முறை நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாது. பசித்த அனைவரையும் ஒரே மாதிரியாகப் பாவித்த ஏற்பாட்டில் குழந்தைக்கென ஒரு தனி ஏற்பாடு இருக்கவில்லை.

நான்கு கைகளில் ஒரு குழந்தை

தலைநகரத்தின் நிர்வாக அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தில்லியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளை நடத்துவது மாநில அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. அதற்கான விதிகளை வகுப்பதும் நிதியில் பங்கு தருவதும் மத்திய அமைச்சகம். தாய்-சேய் நல மையங்களையும் மழலையர் வகுப்புகளுடன் கூடிய தொடக்கப் பள்ளிகளையும் நடத்துபவை மாநகராட்சிகள். பெருந்தொற்றுக் காலத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்று மாநகராட்சிகள் இருந்தன. 2022 மே மாதத்தில்தான் அவை மீண்டும் ஒன்றாயின. யார் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்று தீர்மானித்த காவல் துறையோ மத்திய உள்துறையின் கீழ் உள்ளது.

ஆக, ஒரே குழந்தைக்கு உணவு ஒருவரிடமிருந்தும், தடுப்பூசி மற்றொருவரிடமிருந்தும் வர வேண்டும். அந்த இருவரும் தெருவுக்குள் செல்ல மூன்றாமவரின் அனுமதி வேண்டும். செலவுக்கு நான்காமவரை எதிர்பார்க்க வேண்டும். நிதி நெருக்கடியில் தவித்த வடக்கு மாநகராட்சியில் ஊதிய நிலுவைக்காக 2020 அக்டோபரில் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கியதை நாடே பார்த்தது. ஊதியமே தர இயலாத உள்ளாட்சி அமைப்பிடம் தாய்-சேய் நலத்துக்குச் சிறப்பு ஏற்பாடுகளை எதிர்பார்த்திருக்க முடியாது.

கேரளத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு அதிகாரப் பரவலாக்கத்துக்குப் பின் அங்கன்வாடிகள் ஊராட்சிகளிடம் மட்டுமன்றி நகராட்சிகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. 2020 மார்ச்சில் மையங்கள் மூடப்பட்டவுடன் குழந்தைகளின் உணவை வீடுகளுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. பொது முடக்கம் வந்த சில நாள்களில் உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையற்கூடங்களைத் திறந்தன. எந்த வீட்டில் கர்ப்பிணி உள்ளார், எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருந்தது. கேரளம் எல்லாவற்றிலும் முன்மாதிரி என்று கூறுவதற்காக அல்ல. பொறுப்பு முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், நெருக்கடியின்போது உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டுவதற்காகவே இது கூறப்படுகிறது.

தடுப்பூசி தவறியதன் விளைவு

2020 மே மாதத்தில் தில்லியின் 11 மாவட்டங்களும் சிவப்பு மண்டலமாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டு மண்டலங்களில் தெருமுனைத் தடுப்பூசி முகாம்கள் நிறுத்தப்பட்டன. தொற்று பெருநகரங்களில் மையம் கொண்டிருந்ததால், இந்தத் தடையின் சுமையும் அங்கேயே அதிகம் விழுந்தது. முகாமில் ஊசி போட வேண்டிய பணியாளர்கள் கரோனா கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவமனைக்குச் சென்றால் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தால் பெற்றோரும் வெளியே வரவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2021 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத இந்தியக் குழந்தைகள் 2019-இல் 14 லட்சம். 2020-இல் 30 லட்சம். மூன்று தவணையும் பெற்றோர் 91 சதவீதத்திலிருந்து 85 சதவீதமாகக் குறைந்தனர். விடுபட்டோரைச் சென்றடைய 2021 பிப்ரவரி, மார்ச்சில் தீவிர இந்திரதனுஷ் இயக்கத்தின் மூன்றாம் கட்டம் நடத்தப்பட்டது. அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது.

இதன் விலை 2022-இன் இறுதியில் மும்பையில் தெரிய வந்தது. மாநகரின் எம்-கிழக்கு வட்டத்தில், கோவண்டியைச் சுற்றியுள்ள நெருக்கமான குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவியது. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். மத்தியக் குழு விரைந்தது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை தடுப்பூசி போடுவது குறித்துப் பரிசீலிக்குமாறு நவம்பரில் மத்திய அரசு அறிவுறுத்தியது. தட்டம்மை புதிய நோயல்ல. அதற்குப் பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி உண்டு. தொற்றுக் காலத்தில் ஊசி தவறிய குழந்தைகள் மிகுந்திருந்ததும் ஊட்டக்குறைவும் சேர்ந்தே இந்த இழப்புக்குக் காரணமாயின. கரோனாவால் குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பில்லை என்று ஆறுதலாகக் கூறப்பட்ட வாசகம் மருத்துவ அளவில் சரியாக இருக்கலாம். சேவைகள் நின்றதால் ஏற்பட்ட பாதிப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை.

காப்பகம் இல்லாத வேலை

பொது முடக்கம் தளர்ந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்மார்கள் குழந்தையை எங்கே விடுவது? வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கான தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒரு காலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருந்தன. 2017-இல் திட்டம் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்ட பின் அவை வேகமாகக் குறைந்தன. பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச்சில் நாடு முழுவதும் எஞ்சியிருந்தவை 6,453 என்பது அரசே தந்த கணக்கு. அவையும் மூடப்பட்டன. கட்டுமானத் தளங்களில் குழந்தைகளைப் பராமரிக்கத் தில்லியில் 1969-இல் தொடங்கப்பட்ட மொபைல் கிரெஷஸ் போன்ற தொண்டு நிறுவனங்களின் பணியை ஒரு மாநகரம் முழுவதற்கும் ஈடாகக் கொள்ள முடியாது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், பேறுகால விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது; 50 பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தளங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையைத் தொடர்கின்றன. வீட்டு வேலை செய்பவர், நடைபாதையில் காய்கறி விற்பவர், பழைய பொருள் பொறுக்குபவர் என நகரத்தில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஐம்பது பேர் சேர்ந்து பணியாற்றும் முதலாளி என்று ஒருவரே இல்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டலாம். மத்திய அரசின் பெண் ஊழியர் பணிக்காலத்தில் 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெறலாம். ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. இரண்டுக்கும் இடையில் விடுபட்டவர் நகரத்தின் அமைப்புசாராத் தொழிலாளி. கட்டடத் தொழிலாளர் நல வாரியங்களிடம் ஏறத்தாழ 52,000 கோடி ரூபாய் இருப்பதாகவும், அதிலிருந்து உதவித்தொகை வழங்குமாறும் 2020 மார்ச்சில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. தில்லி உள்ளிட்ட மாநிலங்கள் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்குப் பணம் வழங்கின. அத்தொகை குவிந்து கிடந்த ஆண்டுகளில் கட்டுமானத் தளங்களில் காப்பகங்கள் ஏன் அமையவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பெற்றோரை இழந்தவர்கள்

இரண்டாம் அலைக்குப் பின் பெற்றோரை இழந்த குழந்தைகள் மீது நாட்டின் கவனம் திரும்பியது. 2020 ஏப்ரல் முதல் பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்தும், கைவிடப்பட்டும் பதிவான குழந்தைகள் 1,47,492 பேர் என்று குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவர்களுள் இருவரையும் இழந்தோர் 10,094 பேர். ஒருவரை இழந்தோர் 1,36,910 பேர். இவை கரோனா மரணங்களால் மட்டும் ஏற்பட்டவை அல்ல; எல்லாக் காரணங்களும் இதில் அடங்கும்.

2021 மே மாதம் அறிவிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பி.எம். கேர்ஸ் திட்டம், இருவரையும் அல்லது எஞ்சியிருந்த ஒரே காப்பாளரையும் கரோனாவுக்குப் பறிகொடுத்தோருக்கு 23 வயதில் 10 லட்சம் ரூபாய் கிடைக்க வழிசெய்தது. ஏறத்தாழ 4,500 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். தில்லி அரசு 2021 ஜூலையில், கரோனாவால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், ஆதரவை இழந்த குழந்தைக்கு 25 வயது வரை மாதம் 2,500 ரூபாயும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், கணவனை இழந்து இரண்டு வயதுக் குழந்தையோடு நிற்கும் இளம் தாய்க்கு உதவித்தொகை ஒரு பகுதி. அவர் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் மற்றொரு பகுதி. முதலாவது ஓரளவு கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை.

ஒதுக்கீடும் ஊதியமும்

2020-21 பட்ஜெட்டில் அங்கன்வாடி சேவைகளுக்கு ஒதுக்கிய தொகை ரூ. 20,532 கோடி. ஓராண்டு கழித்து வந்த திருத்திய மதிப்பீட்டில் அது ரூ. 17,252 கோடியாகக் குறைந்தது. போஷண் அபியானுக்கான ரூ. 3,700 கோடி, ரூ. 600 கோடியாயிற்று. இரண்டையும் வேறு சில திட்டங்களோடு இணைத்து 2021-22-இல் உருவாக்கப்பட்ட சக்ஷம் அங்கன்வாடி - போஷண் 2.0 திட்டத்துக்கு ரூ. 20,105 கோடியே ஒதுக்கப்பட்டது. மையங்கள் மூடியிருந்ததால் செலவு குறைந்தது என்று அதிகாரிகள் விளக்கம் தரலாம். தேவை பெருகிய ஆண்டில் செலவு குறைந்தது என்பதே சேவை சென்றடையவில்லை என்பதற்குச் சான்று.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயித்த உணவுச் செலவு, பெருந்தொற்று ஆண்டுகள் முழுவதும் உயரவில்லை. அதை உரிய முறையில் உயர்த்துவதாக 2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது பட்ஜெட் உரையில் அறிவித்தார்.

பணியாளர்களின் நிலையும் இதுவே. 2018 அக்டோபர் முதல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தொற்றுக்கு அஞ்சாமல் வீடு வீடாகச் சென்ற இவர்கள், 2022-இன் தொடக்கத்தில் தில்லியில் ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினர். தில்லி அரசு மதிப்பூதியத்தைப் பணியாளருக்கு 12,720 ரூபாயாகவும் உதவியாளருக்கு 6,810 ரூபாயாகவும் உயர்த்தியது. ஆயினும் போராட்டம் தொடர்ந்ததால் மார்ச் மாதத்தில் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். போராட்டத்தைத் தடுக்கும்போது அத்தியாவசியப் பணி. ஊதியம் தரும்போது கௌரவப் பணி என்ற இரட்டை நிலைப்பாடு நியாயமானதல்ல. அதே ஆண்டு ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அட்டவணையில் விடுபட்ட வரி

இவை அனைத்துக்கும் அடியில் அரசியல் சாசனத்திலேயே ஓர் இடைவெளி உள்ளது. 1992-இல் செய்யப்பட்ட இரு திருத்தங்களால் ஊராட்சிகளுக்கு 29 பணிகள் கொண்ட பதினொன்றாவது அட்டவணையும், நகராட்சிகளுக்கு 18 பணிகள் கொண்ட பன்னிரண்டாவது அட்டவணையும் சேர்க்கப்பட்டன. ஊராட்சிகளுக்கான பட்டியலில் "மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு" தனி இனமாக உள்ளது. நகராட்சிகளுக்கான பட்டியலில் தெருவிளக்கு உண்டு, பூங்கா உண்டு, சுடுகாடு உண்டு; குழந்தைகள் மேம்பாடு இல்லை.

இதன் விளைவு நிதியிலும் தெரிகிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 15-ஆவது நிதிக் குழு பரிந்துரைத்த மானியம் ரூ. 1,21,055 கோடி. அதில் குடிநீர், துப்புரவு, காற்றின் தரம் எனப் பயன்பாடு வரையறுக்கப்பட்டது. குழந்தைப் பராமரிப்பு அந்த வரையறைக்குள் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான். 2002-இல் திருத்தப்பட்ட 45-ஆவது பிரிவு, ஆறு வயது வரையிலான பராமரிப்பையும் கல்வியையும் வழங்க அரசு முயல வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. அது வழிகாட்டும் நெறியே தவிர, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையன்று.

நகராட்சிகளுக்குத் திறனில்லை, ஊழல் மிகும், சிதறிக் கிடக்கும் பொறுப்பை ஏற்க அவை முன்வாரா என்று மறுப்போர் கூறுவர். இந்த ஐயங்கள் ஆதாரமற்றவை அல்ல. தொடக்கத்தில் ஊராட்சிகள் மீதும் இதே ஐயங்கள் எழுப்பப்பட்டன. கர்நாடகத்தில் 2023-இல் தொடங்கப்பட்ட "கூசின மனெ" காப்பகங்கள் கிராம ஊராட்சிகளின் வழியாகவே அமைக்கப்பட்டன. ஊராட்சியால் ஆவது மாநகராட்சியால் ஆகாது என்பதற்கு நியாயம் இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பன்னிரண்டாவது அட்டவணையில் குழந்தைகள் மேம்பாட்டைச் சேர்ப்பது முதலாவது. சாசனத் திருத்தத்துக்குக் காத்திராமல், மாநிலங்கள் தங்கள் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி இதை இன்றே செய்யலாம். 2022-இல் அறிமுகமான பால்னா திட்டத்தில் 2025-26-க்குள் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகங்களுடன் இணைக்க இலக்கு வைக்கப்பட்டது. இதுபோன்ற இலக்குகளில் நகரக் குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிப் பங்கு வரையறுக்கப்பட வேண்டும். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு உணவு, எந்த மண்டலமானாலும் நிற்காத தடுப்பூசி, வேலைக்குச் செல்லும் தாய்க்குத் திறந்திருக்கும் காப்பகம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு மாநகரின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலும், பொறுப்பு அதிகாரியின் பதவிப் பெயரோடு எழுதப்பட வேண்டும்.

2020-இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பள்ளிக்குச் செல்கின்றனர். முதல் ஆயிரம் நாள்களில் உடலும் மூளையும் பெறாத ஊட்டத்தைப் பின்னர் முழுமையாக ஈடுகட்ட முடியாது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. எனவே அவர்களுக்கு நேர்ந்த இழப்பு பெருமளவு நேர்ந்ததுதான். அடுத்த பெருந்தொற்றோ, வெள்ளமோ, வேறு முடக்கமோ வரும்போது பிறந்திருக்கும் குழந்தைகளுக்கும் அதே நிலை வராமல் தடுப்பதே இன்று செய்யக்கூடியது. அதற்கு, நகரக் குழந்தைக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை எழுதப்பட வேண்டும். 2020 செப்டம்பரில் அவையில் எழாத அந்தக் கேள்வியை உறுப்பினர்கள் இப்போதாவது எழுப்பலாம்; கேள்வி நேரம் இப்போது இருக்கிறது.